பதக்கப் பிரபுக்களும் என் தம்பியின் இடது பக்கமும்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி தயாவின் மூன்றாவது கலியாண நாள். ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டு முன்னறை கொள்ளாத சனம். கட்லட், ரோல்ஸ், வடை எல்லாம் ஒரு சுற்று முடிந்து தேத்தண்ணி வந்த நேரம், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் ஐயா மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார்.

“இவைக்கு எந்தக் கோயிலிலை பொம்பிளை பாத்தது?”

“கோயிலிலை இல்லை ஐயா,” என்றாள் என் மனைவி ரஞ்சி. “இவர் வேலை செய்யிற நூதனசாலையிலை. செத்துப்போன வெள்ளைக்காரப் பிரபுக்களுக்கு முன்னாலை.”

ஐயா அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. ரஞ்சி சொன்னது முழு உண்மை. அந்த ஐயாவுக்கு அன்றைக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். ஊரில் இருக்கிற உங்களுக்காவது விவரமாக எழுதிவைக்கலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் உத்தியோகத்தைப் பற்றி. எண்பதுகளின் நடுவில் இந்த நாட்டுக்கு வந்து, பெற்றோல் செட், பிஸ்கட் தொழிற்சாலை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் லண்டனின் மேற்குப் பக்கம் ஒரு பெரிய நூதனசாலையில் காவலராகச் சேர்ந்தேன். நீலக் கோட்டு, நீல டை, இடுப்பில் ஒரு வயர்லெஸ். சேர்ந்த புதிதில் அம்மாவுக்கு எழுதியபோது, “ஐரோப்பியப் பிரபுக்களின் பதக்கங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன” என்று கொஞ்சம் எடுப்பாக எழுதினேன். அது ஊரில் கைமாறிக் கைமாறி, எனக்கே பதக்கம் கிடைத்ததாகப் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு ஓட்டத்திலும் கடைசிக்கு முந்தி வராத எனக்கு வாழ்த்துச் சொல்லிக் கடிதங்கள் வந்தன. உண்மையில் என் வேலை இரண்டே இரண்டு. கண்ணாடியில் சாயாதே என்று சொல்லுவது ஒன்று. கழிவறை எங்கே என்று காட்டுவது மற்றது.

2

பதக்க அறை மேல் மாடியில், ஒரு நீண்ட நடையின் கடைசியில் இருக்கிறது. வழி தவறியவர்களைத் தவிர அங்கே ஆட்கள் வருவது அபூர்வம். மற்றக் காவலர்களுக்கு அந்த அறை தண்டனை மாதிரி. எனக்கு அது பிடித்துப்போனது. மாவிட்டபுரம் தேர்த் திருவிழாவில் நெரிபட்டு வளர்ந்தவனுக்கு ஒரு அறை முழுவதும் தனக்கே கிடைத்தால் விடுவானா?

அந்தப் பதக்கங்கள் யுத்தத்தில் வென்றதற்குக் கொடுப்பவை அல்ல. நானூறு ஐந்நூறு வருசத்துக்கு முந்தி, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இருந்த பிரபுக்கள் தங்கள் முகத்தை வெண்கலத்தில் வார்ப்பித்தவை. உள்ளங்கை அகலம். முன்பக்கம் பிரபுவின் முகம், சுற்றிவர லத்தீன் எழுத்தில் பேரும் பட்டமும். பின்பக்கம் அவர் தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல விரும்பிய ஏதோ ஒரு சித்திரம்: பாய்மரக் கப்பல், சிங்கம், கோட்டை. ஒன்றில் யானை இருக்கிறது. செய்தவர் யானையைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். பசுமாட்டுக்குத் தும்பிக்கை முளைத்தது போல இருக்கும். என் மகள் துளசி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த யானையைப் பார்க்கவே பள்ளி விடுமுறைக்கு என்னோடு வருவாள். பிறகு பதின்மூன்று வயதாகி, என்னோடு ரயிலில் வருவதே வெட்கம் என்றாகிவிட்டது.

ஒவ்வொரு பதக்கமும் ஒரு கண்ணாடித் தட்டில் நிற்கும். பின்னால் ஒரு சின்ன முகக்கண்ணாடி சாய்த்து வைத்திருப்பார்கள், பின்பக்கச் சித்திரமும் தெரிய வேண்டும் என்று. பெட்டி அறையின் நடுவில் இருப்பதால் சுற்றிவந்தும் பார்க்கலாம்.

இந்தப் பிரபுக்கள் பதக்கத்தை என்ன செய்தார்கள் என்று அங்கே எழுதியிருப்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சொந்தக்காரருக்கு அனுப்பினார்கள். வீடு கட்டினால் அத்திவாரத்தில் போட்டார்கள். கலியாணம் என்றால் மாப்பிள்ளை முகமும் பெண் முகமும் வார்த்துக் கொடுத்தார்கள். எல்லாம் நாங்கள் செய்கிறதுதான். எங்களுக்கு வெண்கலத்துக்குப் பதில் ஸ்டூடியோப் படம், பின்பக்கச் சித்திரத்துக்குப் பதில் சாதகக் குறிப்பு.

ஒரே ஒரு வித்தியாசம். அங்கே கிட்டத்தட்ட எல்லோருமே பக்கவாட்டில் பார்க்கிறார்கள். ஒரு கண், அரை வாய், முழு மூக்கு. எங்கள் ஆட்கள் ஸ்டூடியோவுக்குப் போனால் நேரே நிமிர்ந்து, இரண்டு காதும் தெரிய வேண்டும். ஒரு காது தெரியாவிட்டால் மற்றக் காதுக்கு என்ன நடந்தது என்று கேட்பவர்கள் நாங்கள்.

3

என் தம்பி தயா இடது கண் இல்லாமல் லண்டனுக்கு வந்தான்.

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்து யன்னல் கண்ணாடி உடைந்தது. ஒரு துண்டு கண்ணிலும், இன்னொன்று புருவத்திலிருந்து கன்னம் வரைக்கும். இங்கே ஆஸ்பத்திரியில் நல்ல செயற்கைக் கண் ஒன்று பொருத்திவிட்டார்கள். நிறம்கூட அச்சொட்டாக இருக்கும். ஆனால் அசையாது. தழும்பு தழும்புதான்.

அவன் அதைப் பற்றிக் கதைக்கமாட்டான். ஆனால் எங்கே நின்றாலும் ஆட்கள் தன் வலது பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்வான். ரயிலில் இடது பக்கம் கண்ணாடியோடு ஒட்டி உட்காருவான். கலியாண வீட்டில் சுவரோடு சாய்ந்து நிற்பான். வீட்டில் சோஃபாவின் இடது மூலை அவனுடையது, அதில் வேறு ஆட்கள் உட்கார்ந்தால் ரஞ்சி எழுப்பிவிடுவாள். நாங்கள் யாரும் காரணம் சொல்லுவதில்லை.

பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தபோது பக்கவாட்டில் எடுத்த படத்தைத்தான் வைத்து அனுப்பினான். திரும்பி வந்தது. முகம் நேராக இருக்க வேண்டுமாம். அடுத்த முறை கறுப்புக் கண்ணாடி போட்டு நேரே எடுத்தான். அதுவும் திரும்பி வந்தது. என் அறையில் இருக்கிற பிரபுக்கள் இந்தக் காலத்தில் அகதியாக வந்திருந்தால் ஒருத்தருக்கும் பயணப் பத்திரம் கிடைத்திராது என்று நான் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு போய், கண்ணாடி இல்லாமல், நேரே பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பினான். அந்தப் படத்தை எங்கள் ஒருவருக்கும் காட்டவில்லை.

முப்பத்திநாலு வயதாகிவிட்டது. சாதகம் நல்ல சாதகம். டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடையில் பங்கு. புரோக்கர் மூலம் கலியாணப் பேச்சுக்கால் வரும். “மாப்பிளையின்ரை படம் ஒண்டு” என்று கேட்டதும் தயா எழும்பிப் போய்விடுவான். அவ்வளவோடு பேச்சும் நின்றுவிடும்.

4

ஒருநாள் ஒரு வழிகாட்டிப் பெண் ஒரு சின்னக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். ஒரு பதக்கத்தைக் காட்டி, இந்தப் பிரபு பெரிய தளபதி, ஒரு போட்டியில் ஈட்டி குத்தி வலது கண் போய்விட்டது, அதனால் வாழ்நாள் முழுவதும் இடது பக்கம் மட்டுமே காட்டிப் படமும் பதக்கமும் செய்வித்தார் என்றார். கூட்டம் நகர்ந்த பிறகு நான் பிரபுவுக்கு முன்னால் போய் நின்றேன். கொக்கி மூக்கு, உயரத் தொப்பி, முகத்தில் என்ன ஒரு திமிர். ஒரு குறையும் இல்லாத மனிதர் மாதிரி இருந்தார். அவருக்கு மிஞ்சியது இடது கண், என் தம்பிக்கு மிஞ்சியது வலது கண்.

வீட்டுக்குப் போனதும் சொன்னேன்.

“தயாவைப் பக்கவாட்டிலை ஒரு படம் எடுப்பம். ராசா மாதிரி இருக்கும்.”

“ஒளிக்கப் போறியளோ?” என்றாள் ரஞ்சி. “நாளைக்கு நேரிலை பாக்கேக்கை என்ன செய்யிறது? மாப்பிளையைச் சுவரோடை ஒட்டி வைக்கிறதோ?”

“ஒளிக்கேல்லை. படத்துக்குப் பிறகு சொல்லுவம். முதல் படத்தைப் பாக்கட்டும்.”

“உங்கடை பிரபுவுக்கு அரண்மனை இருந்தது. ஆரும் கேள்வி கேட்டிருக்கமாட்டினம். இவனுக்கு என்ன இருக்கு? கத்தரிக்காயும் முருங்கைக்காயும்.”

ஆனால் தயாவுக்கு யோசனை பிடித்திருந்தது. படம் எடுத்தவள் துளசி. பள்ளிக்கூடத்தில் கமரா இரவல் வாங்கிவந்து, கறுப்புக் கம்பளத்தைச் சுவரில் கொழுவி, “சித்தப்பா, சின் அப். டோன்ட் ஸ்மைல். பிரபு சிரிக்க மாட்டார்” என்று அதட்டி அதட்டி எடுத்தாள். எங்களோடு ஒரு வார்த்தை தமிழில் பேசப் பஞ்சிப்படுகிறவள், அன்று பின்னேரம் முழுவதும் சித்தப்பாவோடு சிரித்துக்கொண்டிருந்தாள். படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. உண்மையிலேயே அழகான படம். தயா அதை நெடுநேரம் பார்த்தான்.

5

முதல் படம் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு குடும்பத்துக்குப் போனது. இரண்டு நாளில் புரோக்கர் போன் எடுத்தார்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. மாப்பிளை எங்கையாவது உள்ளுக்கை இருந்தவரோ எண்டு கேக்கினம்.”

எனக்கு விளங்கவில்லை.

“உப்பிடிப் பக்கவாட்டிலை படம் எடுக்கிறது பொலிஸ்காரர் மட்டும்தானாம். நம்பர்ப் பலகை எங்கை எண்டு தகப்பன் கேட்டவர்.”

ரஞ்சி சமையலறையில் நின்று சிரித்த சிரிப்பில் எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. இரண்டாவது இடத்தில் மற்றக் காது இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் முன்பே சொன்னேனே. “காது இருக்கு, கண்தான் இல்லை” என்று புரோக்கரிடம் நேரே சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து பிறகு சத்தமில்லை.

இதெல்லாம் ஹை ஸ்ட்ரீட் கடைகளில் கதையாகிவிட்டது. நகைக்கடையில் ஒரு பெண் ரஞ்சியிடம், “உங்கடை மச்சான் எப்ப வெளியாலை வந்தவர்?” என்று அன்பாக விசாரித்தாளாம். அது தயாவின் காதுக்கும் போனது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது சொன்னான்.

“அண்ணை, இன்னும் ஒண்டு. அதோடை விடுங்கோ. பிறகு ஒருத்தரும் என்னட்டைக் கலியாணம் எண்டு கதைக்கக்கூடாது.”

அவன் சொன்னால் சொன்னதுதான். ரஞ்சி சிரிப்பதை விட்டுவிட்டாள். இவ்வளவுக்கும் காரணம் நான் கொண்டுவந்த பிரபு.

மூன்றாவது இடம் சுகுணா. தகப்பனும் மகளும் மட்டும். தகப்பன் ஊரில் தபாலதிபராக இருந்தவர். மகள் ஒரு உலர் சலவைக் கடையில் வேலை. படம் போனது, கண்ணைப் பற்றியும் சொல்லச் சொன்னேன். புரோக்கர் தன் கெட்டித்தனத்தில் “ஒரு கண் கொஞ்சம் மங்கல்” என்று சொல்லி வைத்திருக்கிறார். பதில் பெண்ணிடமிருந்தே வந்தது.

“ஒரு பக்கம் பாத்திட்டன். மற்றப் பக்கத்தை நேரிலை பாப்பம் எண்டு சொல்லுங்கோ.”

கோயில் வேண்டாம் என்றார் தகப்பனார். கோயிலில் பார்த்துச் சரிவராவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும். எங்கள் ஆட்கள் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடமாக வேண்டும். அப்படி ஒரு இடம் லண்டனில் எனக்குத்தான் தெரியும்.

6

சனிக்கிழமை பின்னேரம். எனக்கு டியூட்டி. டியூட்டியில் சொந்தக்காரரோடு கதைக்கக்கூடாது என்பது விதி. ஆகவே சொந்தத் தம்பியின் சம்பந்தத்துக்கு நான் மூலையில் நட்ட கட்டை மாதிரி நின்றேன்.

ரஞ்சி காஞ்சிபுரம் கட்டி, அதற்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்டு வந்தாள். துளசி அவளாகவே வருகிறேன் என்று வந்தாள். தயா வந்ததும் அறையை ஒரு நோட்டம் விட்டான். பிறகு இடது பக்கம் சுவர் வரும்படி ஒரு தூணோடு ஒட்டி நின்றுகொண்டான். என்னைப் பார்க்கவில்லை.

வருசம் முழுவதும் ஈ காக்கை வராத அந்த அறைக்கு அன்றைக்கென்று பார்த்து ஒரு சனிக்கிழமைச் சித்திர வகுப்புப் பிள்ளைகள் கூட்டம் வந்தது. கையில் கொப்பி, பென்சில். யானைப் பதக்கத்தை வரைய வேண்டுமாம். பிள்ளைகள் தரையெல்லாம் பரவி விழுந்து கிடந்தார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு ஒரு கட்டையான ஐயாவும், பச்சைச் சேலை கட்டிய பெண்ணும் வந்தார்கள்.

ஐயா நேரே என்னிடம் வந்து, திருத்தமான ஆங்கிலத்தில், கழிவறை எங்கே என்று கேட்டார். நானும் ஆங்கிலத்தில் வழி சொன்னேன். போய்விட்டு வந்து என் சட்டையில் இருந்த பேரை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தரம் வாசித்தார்.

“நீர் தமிழோ?”

“ஓம் ஐயா. மாப்பிளையின்ரை தமையன்.”

“அதை முதலே சொல்லப்படாதோ?”

“டியூட்டியிலை கதைக்க ஏலாது ஐயா.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தக் குடும்பமே ஒரு மாதிரி என்ற முகத்தோடு ரஞ்சிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

சுகுணா தயாவிடம் நேரே போகவில்லை. நடுப் பெட்டிக்குப் போய்ப் பதக்கங்களைப் பார்த்தாள். துளசி தயாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அவளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவன் வலது பக்கம் அவளுக்குத் தெரியும்படி திரும்பி நின்றான். ஒற்றைக் கண் பிரபு அவர்களுக்கு நேர் முன்னால்.

“இது ஏன் பின்னாலை முகக்கண்ணாடி வைச்சிருக்கினம்?” என்று கேட்டாள்.

“மற்றப் பக்கமும் பாக்கிறதுக்கு,” என்றான் தயா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. கழுத்து சிவந்துபோனது.

அவள் பெட்டியைச் சுற்றி மற்றப் பக்கம் போனாள். அவன் திரும்பினான். அவள் இன்னும் சுற்றினாள். அவன் இன்னும் திரும்பினான். இப்படியே இருவரும் பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்கள். தரையில் கிடந்த பிள்ளைகள் யானையை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, அந்த இரண்டு பேருக்கும் என்ன என்று என்னிடம் கேட்டார். பதக்கத்தின் பின்பக்கம் பார்க்கிறார்கள் சேர் என்றேன். நல்ல ஆர்வம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் கண்டேன், ஆகவே சொல்கிறேன். ஒரு பையன் பென்சிலை எடுக்க ஓடிவந்தான். தயாவின் இடது பக்கமாக வந்தான். தயாவுக்குத் தெரியவில்லை. பையன் வந்த வேகத்தில் மோத, தயா தடுமாறிப் பெட்டியில் கை ஊன்றினான். முகம் முழுதாக அவள் பக்கம் திரும்பிவிட்டது. கறுப்புக் கண்ணாடி இல்லை. சுவர் இல்லை. அசையாத கண்ணும், தழும்பும், எல்லாம் அவளுக்கு முன்னால்.

அவன் திரும்பவில்லை. களைத்துப்போனான் போல. அப்படியே நின்றான். ரஞ்சி கோட்டுப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். ஓடிப் போய்த் தம்பியை அணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. விதி கிடக்கட்டும் என்று ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

சுகுணா நன்றாகப் பார்த்தாள். மறைவாகப் பார்க்கவில்லை, பரிதாபமாகவும் பார்க்கவில்லை. கடைக்கு வந்த உடுப்பில் எங்கே கறை என்று பார்க்கிறவள் பார்ப்பது போல, நிதானமாகப் பார்த்தாள்.

“நோகுமோ?”

“குளிருக்கை மட்டும்.”

“இந்தப் பக்கம் ஒண்டும் தெரியாதோ?”

“ஒண்டும் தெரியாது.”

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவனுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்ப நான் இஞ்சாலை நிக்கிறன். ஆராவது வந்தாச் சொல்லுறன். நீங்கள் பயப்பிடாமல் பாருங்கோ.”

இருவரும் அப்படியே பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு பிள்ளை குறுக்கே வந்தபோது அவள் அவன் முழங்கையை மெல்லத் தொட்டாள். அவன் விலகினான். தபாலதிபர் என் பக்கம் வந்து, “பிள்ளை முடிவெடுத்திட்டாள் போலை கிடக்கு,” என்றார். “எனக்கு ஆரும் ஒண்டும் சொல்லுறேல்லை.”

கண்ணாடியில் சாய்ந்ததற்குத் தம்பியைக் கண்டிக்க வேண்டியது என் கடமை. கண்டிக்கவில்லை.

7

கலியாணம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மணவறையில் தயா உட்கார, எங்கள் வழக்கப்படி சுகுணாவை வலது பக்கம் உட்காரவைத்தார்கள். தயாவின் இடது பக்கத்தை முழு மண்டபமும் பார்த்துக்கொண்டு இருந்தது, வீடியோக்காரர் உட்பட. வீடியோக்காரர் நல்ல மனிதர், “தம்பி, முகத்தைக் கொஞ்சம் இடப் பக்கம் திருப்புமன், தழும்பு விழாது” என்று மெல்லச் சொன்னார். தயா அவரைப் பார்த்தான், பிறகு நேரே ஓமத்தைப் பார்த்து இருந்தான். முகத்தைத் திருப்பவில்லை.

தாலி கட்டி முடிந்தது. மேளம் அடங்கியது. தாலி ஏறியதும் பெண் மாப்பிள்ளையின் இடது பக்கம் மாறி உட்கார வேண்டும் என்பது முறை. ஐயர் கையைக் காட்டினார்.

“பொம்பிளை இனி எழும்பி இடப் பக்கம் வாங்கோ.”

சுகுணா கூறைச் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். சுற்றி வந்து அவனுடைய இடது பக்கம் உட்கார்ந்தாள். உட்கார்ந்துவிட்டு, ஐயருக்கு மட்டுமல்ல, முன்வரிசைக்கே கேட்கும்படி சொன்னாள்.

“நான் அண்டைக்கே இந்தப் பக்கம் வந்திட்டன், ஐயா.”